தந்தை இல்லாத வீட்டில் தாயின் தாக்கம் பிள்ளையிடம் எப்படிப் படிகிறது?

நொய்யல்கரை (கேள்வி):

கணவர் காலமான பிறகு மகனையும் மகளையும் நான் தனியாக வளர்த்து வருகிறேன். திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். ஏற்றுமதிச் சரக்கு அனுப்பும் நாள்களில் வீடு திரும்ப இரவாகிவிடும். மகன் ஆறாம் வகுப்பும் மகள் இரண்டாம் வகுப்பும் படிக்கிறார்கள்.

துக்கம் விசாரிக்க வந்த பெரியவர்கள் பலரும் மகனின் தோளைத் தொட்டு, "இனிமே நீதாம்பா இந்த வீட்டுக்கு ஆம்பிளை, அம்மாவையும் தங்கச்சியையும் நீதான் பார்த்துக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவர்கள் ஆறுதலாகச் சொன்னதை அவன் கட்டளையாக ஏற்றுக்கொண்டுவிட்டான். இரவில் கதவுத் தாழ்ப்பாளைத் தானே சரிபார்த்த பிறகுதான் படுக்கிறான். விளையாடப் போவது குறைந்துவிட்டது. நான் முகம் வாடி உட்கார்ந்திருந்தால், எதுவும் கேட்காமல் தங்கையை அடுத்த அறைக்கு அழைத்துச் சென்று சத்தமில்லாமல் பார்த்துக்கொள்கிறான். உறவினர்கள் எல்லோரும் பொறுப்பான பிள்ளை என்று புகழ்கிறார்கள். எனக்கோ அதைக் கேட்கும்போதெல்லாம் வயிறு கலங்குகிறது. தாய் ஒருத்தியின் கையில் வளரும் பிள்ளை அவளிடமிருந்து எதை எடுத்துக்கொள்கிறது? தந்தையின் இடத்தையும் நானே நிரப்ப வேண்டுமா? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

பழைய வாத்தியார்:

அம்மா, நம் மாநிலத்தின் முதலமைச்சர்களுள் மூவரைக் கைம்பெண்ணான தாய்மார்கள் வளர்த்திருக்கிறார்கள் என்பதை முதலில் நினைவுபடுத்த விரும்புகிறேன். காமராசருக்கு ஆறு வயதளவில் தந்தை குமாரசாமி இறந்துபோனார். தாய் சிவகாமி அம்மாள் தம் நகைகளை விற்று, அந்தப் பணத்தை ஒரு வணிகரிடம் கொடுத்து வைத்து, அதில் வரும் வட்டியைக் கொண்டு காமராசரையும் தங்கை நாகம்மாளையும் வளர்த்தார் என்று அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதியவர்கள் குறிக்கிறார்கள். எம்.ஜி.ஆர். 1917இல் இலங்கையின் நாவலப்பிட்டியில் பிறந்தவர். மழலைப் பருவத்திலேயே தந்தையை இழந்து, தாய் சத்தியபாமாவுடன் கும்பகோணத்துக்கு வந்து சேர்ந்தார். வறுமை தாங்காமல் அவரும் அண்ணன் சக்ரபாணியும் சிறுவயதிலேயே நாடகக் கம்பெனியில் சேர்க்கப்பட்டார்கள். ஜெயலலிதாவும் இரண்டு வயதளவில் தந்தையை இழந்தவர்.

இவர்களுள் முதல் இருவரைப் பற்றி நான் அடிக்கடி எண்ணுவதுண்டு. பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு கொடுக்கும் திட்டத்தை 1950களில் மாநிலம் முழுதும் கொண்டுசென்றவர் காமராசர். 1982இல் அதைச் சத்துணவுத் திட்டமாக விரித்தவர் எம்.ஜி.ஆர். ஒரு வீட்டில் உலை வைக்க அரிசி இருக்கிறதா என்பதைத் தாயின் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டு வளர்ந்தவர்கள் அவர்கள் இருவரும். அரசியல் கணக்குகளும் நிதி நிலைமையும் அந்தத் திட்டங்களுக்குப் பின்னால் இருந்திருக்கும் என்றாலும், பசித்த பிள்ளை பாடம் படிக்காது என்பதை யாரும் அவர்களுக்குப் புள்ளிவிவரம் காட்டி விளக்க வேண்டியிருக்கவில்லை. தாயின் தாக்கம் என்று நான் கருதுவது இதைத்தான். அவள் எதைச் சமாளித்தாள் என்பதைப் பக்கத்தில் இருந்து பார்ப்பதே பிள்ளைக்குப் படிப்பாகிவிடுகிறது.

ஆகவே, தந்தையின் இடத்தை நீங்கள் நிரப்ப வேண்டியதில்லை. உங்கள் இடத்தில் நீங்கள் எப்படி நிற்கிறீர்கள் என்பதையே பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

மழைக்காலப் பறவை:

ஐயா சொன்னதை மதிக்கிறேன். ஆனால் பெரிய தலைவர்களை மட்டும் எடுத்துக்காட்டாகக் கொள்வதில் ஓர் ஆபத்து இருக்கிறது. காமராசரே ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டு மாமாவின் துணிக்கடைக்கு வேலைக்குப் போனவர்தானே. அவர் பின்னாளில் உயர்ந்தார் என்பதால் அந்த இழப்பு இழப்பில்லை என்றாகிவிடாது. அதே விருதுநகரில் அதே வயதில் கடைக்குப் போன மற்றப் பிள்ளைகளின் கதையை யாரும் எழுதி வைக்கவில்லை.

நானும் அம்மா மட்டுமே வளர்த்த பெண். என் தந்தை இறக்கவில்லை, விட்டுப் போனார். வீட்டில் மூத்தவள் என்பதால் ரேஷன் கடை வரிசையில் நிற்பதிலிருந்து தம்பியின் பள்ளிக் கூட்டத்துக்குப் போவது வரை எல்லாவற்றையும் நான் செய்தேன். அதனால் கிடைத்த துணிவை மறுக்கமாட்டேன். எந்த அலுவலகத்திலும் எவரிடமும் தயங்காமல் பேச என்னால் முடிகிறது. ஆனால் இன்றுவரை எனக்கு ஒன்று வேண்டும் என்று யாரிடமும் கேட்க வராது. காய்ச்சல் வந்தால்கூட அம்மாவிடம் மறைப்பேன், அவர் கலங்கிவிடுவார் என்று. அம்மா என்னிடம் எதையும் திணித்தவர் அல்லர். அவருக்கு மனம்விட்டுப் பேச வேறு ஆள் இல்லாததால் வாடகை பாக்கியையும், மாமியார் வீட்டார் பேசிய பேச்சையும், எதிர்காலப் பயத்தையும் இரவில் என்னிடமே சொல்வார். எனக்கு அப்போது பதின்மூன்று வயது. கேட்டுக்கொண்டிருப்பதுதான் அன்பு என்று நினைத்துக் கேட்டேன்.

அதனால் உங்கள் வயிறு கலங்குவது சரியான காரணத்துக்காகத்தான் என்பேன், அக்கா. சிறுவன் தங்கையைப் பார்த்துக்கொள்வது நல்ல பழக்கமே. தாயின் துயரத்தைத் தன்னுடைய கடமையாக அவன் எடுத்துக்கொள்வதுதான் தடுக்கப்பட வேண்டியது. அதைத் தடுக்க அவனிடம் பேசினால் மட்டும் போதாது. உங்கள் சுமையை இறக்கி வைக்க ஒரு பெரியவர் வேண்டும்: அக்காவோ, தோழியோ, உடன் வேலை செய்பவரோ யாராவது ஒருவர். அப்படி ஒருவர் வீட்டுக்கு வந்துபோவதைப் பார்த்தாலே அவனுடைய தோள் தளரும்.

இரவு நேரம் பிந்துவதைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஜெயலலிதாவின் தாய் வேதவல்லி, சந்தியா என்ற பெயரில் நடிக்கச் சென்னைக்கு வந்தபோது மகளைப் பெங்களூரில் தாத்தா பாட்டி, சித்தி ஆகியோரிடம் விட்டிருந்தார். தாய் ஊருக்கு வந்து திரும்பும் நாளில் போகவிடாமல் அழும் மகள், சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு தூங்குவாராம். தாய் அந்தச் சேலையைத் தன் தங்கைக்கு உடுத்திவிட்டுக் கிளம்பிப் போவாராம். பல ஆண்டுகள் கழித்து ஒரு தொலைக்காட்சி நேர்காணலில் ஜெயலலிதாவே இதைச் சொன்னார். வேலைக்குப் போனதை நான் குறை சொல்லவில்லை. அந்தத் தாய்க்கு வேறு வழி இருக்கவில்லை. சொல்லாமல் போனதுதான் அந்தக் குழந்தையிடம் தங்கியிருக்கிறது. சரக்கு அனுப்பும் நாள் எது, எத்தனை மணிக்கு வருவீர்கள், அதுவரை யார் இருப்பார்கள் என்பதைக் காலையிலேயே இருவருக்கும் சொல்லிவிடுங்கள்.

கருப்பு அங்கி:

குடும்ப வழக்குகளைப் பார்த்துவரும் வழக்கறிஞன் என்ற முறையில், இந்த விவாதத்தில் வராத ஒரு பக்கத்தைச் சேர்க்கிறேன். பெரியப்பாவோ சித்தப்பாவோதான் பிள்ளைகளுக்குக் காப்பாளர் என்று பல வீடுகளில் பேசுகிறார்கள். 1956ஆம் ஆண்டின் இந்து இளவர் (பதினெட்டு வயது நிரம்பாதவர்) மற்றும் காப்பாளர் சட்டப்படி தந்தைக்குப் பின் இயற்கைக் காப்பாளர் தாய்தான். தந்தை உயிரோடு இருக்கும்போதுகூடச் சில சூழல்களில் தாய் அந்த நிலையில் செயல்படலாம் என்று உச்ச நீதிமன்றம் 1999இல் கீதா ஹரிஹரன் வழக்கில் கூறியது. கடவுச்சீட்டு விண்ணப்பத்தில் பெற்றோரில் ஒருவர் பெயர் போதும் என்று 2016 இறுதியில் விதி மாறியது. தாய் தனித்து வளர்க்கும் பிள்ளைக்கு நிரந்தரக் கணக்கு எண் (பான்) அட்டை வாங்கத் தந்தை பெயர் கட்டாயமில்லை என்பது 2018 டிசம்பரிலிருந்து நடைமுறை. பிள்ளைகளின் பங்காக வந்த வீடு, மனையை விற்க மட்டும் காப்பாளரான தாய்க்கும் நீதிமன்ற அனுமதி தேவை.

இவற்றைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பள்ளியிலும் வங்கியிலும் அம்மாவின் கையெழுத்தே போதும் என்பதைப் பையன் நேரில் பார்க்கும்போது, ‘வீட்டுக்கு ஓர் ஆண் வேண்டும், அது நான்தான்’ என்று அவன் சுமந்துகொண்டிருக்கும் எண்ணம் தானாகவே வலுவிழக்கும். தவிர, குழந்தைகள் பாதுகாப்புக்கான மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் கைம்பெண், மணமுறிவு பெற்றவர், கைவிடப்பட்டவர் ஆகியோரின் பிள்ளைகளுக்கு மாதம் 4,000 ரூபாய் உதவித்தொகை உண்டு. குடும்ப ஆண்டு வருமான வரம்பு கிராமப்புறத்தில் 72,000 ரூபாய், மற்ற இடங்களில் 96,000 ரூபாய். உங்கள் சம்பளம் அந்த வரம்பைக் கடந்துவிடலாம். படிக்கும் வேறு எவருக்காவது பயன்படட்டும். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பிக்கலாம்.

நொய்யல்கரை:

மூவருக்கும் நன்றி. பறவை சொன்னதைப் படித்துவிட்டு மகனின் புத்தகப் பையைப் பார்த்தேன். பள்ளிச் சுற்றுலாவுக்குக் கொடுத்த தாள் உள்ளே மடிந்து கிடந்தது. பணம் கட்டும் தேதி முடிய இன்னும் சில நாள்கள் இருக்கின்றன. என்னிடம் அவன் சொல்லவேயில்லை. கேட்டால், "எனக்குப் போகப் பிடிக்கலைம்மா" என்கிறான். பணம் இருக்கிறது என்று சொன்னாலும் நம்ப மறுக்கிறான். என்ன செய்யட்டும்?

மழைக்காலப் பறவை:

பணம் இருக்கிறது என்று வாயால் சொன்னால் நானும் அந்த வயதில் நம்பியிருக்கமாட்டேன், அக்கா. இந்த மாதச் சம்பளம், வாடகை, பள்ளிக் கட்டணம், மீதி ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி அவனுக்குக் காட்டுங்கள். அச்சம் பெரும்பாலும் தெரியாத கணக்கிலிருந்துதான் வருகிறது. காட்டிய பிறகு, பணத்தைப் பற்றி முடிவெடுப்பது அம்மாவின் வேலை, சுற்றுலா போவது உன் வேலை என்று சொல்லிவிட்டு, நீங்களே பள்ளிக்குச் சென்று கட்டிவிடுங்கள். அவன் போயிருக்கும் நாளில் தங்கையை யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதையும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். அவன் மறுப்பதற்கு உண்மையான காரணம் அதுவாகவும் இருக்கலாம்.