சம்பள உயர்வா, கம்பெனி மின்சாரக் காரா? ஜெர்மனிக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

புதுவரவு, ஸ்டுட்கார்ட்:
வணக்கம். மொத்தச் சம்பளம் மாதம் 5,000 யூரோ, வரி வகுப்பு 1, குழந்தை இல்லை. ப்ரோபட்சைட் (வேலையின் தகுதிகாண் காலம்) முடிந்ததும் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறார்கள். ஒன்று மாதம் 400 யூரோ உயர்வு. இன்னொன்று 48,000 யூரோ பட்டியல் விலையுள்ள மின்சாரக் கார், சொந்த உபயோகத்துக்கும் சேர்த்து. அலுவலகம் 20 கிலோமீட்டர். மாதத்தில் ஆறு நாள் போனால் போதும். எதை எடுப்பது நல்லது?

சம்பளக் கணக்கு:
400 யூரோவையும் காரையும் நேருக்கு நேர் வைத்துப் பார்க்காதீர்கள். 400 என்பது ப்ரூட்டோ, அதாவது பிடித்தங்களுக்கு முந்தைய தொகை. உங்கள் நிலையில் வரியும் சமூகக் காப்பீடும் போகக் கையில் வருவது சுமார் 200தான்.

அடுத்து கார். முழு மின்சாரக் காருக்குப் பட்டியல் விலையில் கால் பங்கைத்தான் வரிக்கு எடுப்பார்கள். 48,000இல் கால் பங்கு 12,000. சொந்த உபயோகத்துக்கு அதில் மாதம் 1 சதவீதம், அதாவது 120 யூரோ. வீட்டிலிருந்து அலுவலகத்துக்கு ஒருவழித் தூரத்தில் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 0.03 சதவீதம். 20 கிலோமீட்டருக்கு 72 யூரோ. ஆக மாதம் 192 யூரோ உங்கள் சம்பளத்தோடு கூட்டப்பட்டு, வரியும் காப்பீடும் பிடித்த பிறகு அதே 192 கழிக்கப்படும். கையில் குறைவது சுமார் 95 யூரோ.

வராமல் போகும் 200, கூடுதலாகப் போகும் 95. இந்தக் கார் உங்களுக்கு மாதம் சுமார் 295 யூரோ. இந்த எண்ணைத்தான் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். வரி வகுப்பு 3 (மணமானவர்களில் அதிகம் சம்பாதிப்பவருக்கானது) ஆனாலும் இது பெரிதாக மாறாது, 310 பக்கம் வரும்.

உங்களுக்கு இன்னும் குறைக்க வழி இருக்கிறது. மாதம் ஆறு நாள்தான் போகிறீர்கள் என்றால் 0.03 கணக்கை ஏற்காதீர்கள். போன நாளுக்கு மட்டும் கிலோமீட்டருக்கு 0.002 சதவீதம் என்று கணக்கிடச் சொல்லலாம்: 12,000 × 0.002% × 20 × 6 = 28.80 யூரோ. 72 எங்கே, 28.80 எங்கே! எந்தெந்தத் தேதியில் போனீர்கள் என்று மாதாமாதம் எழுத்தில் கொடுக்க வேண்டும். ஆண்டு முழுக்க ஒரே முறைதான், நடுவில் மாற்ற முடியாது. உச்சவரம்பு ஆண்டுக்கு 180 நாள். சம்பளப் பிரிவு தானாகச் சொல்லாது, நீங்கள்தான் கேட்க வேண்டும்.

பட்டியல் விலை என்பது கம்பெனி கொடுத்த விலை அல்ல. முதல் பதிவு நாளில் தயாரிப்பாளர் வைத்த விலை, 19 சதவீத வரியோடும் நீங்கள் டிக் செய்த கூடுதல் வசதிகளோடும். கம்பெனிக்கு 20 சதவீதம் தள்ளுபடி கிடைத்தாலும் உங்கள் வரி குறையாது. பழைய கார் கொடுத்தாலும் அது புதிதாக இருந்தபோதுள்ள விலைதான். கால் பங்குச் சலுகைக்கு உச்சவரம்பு 1 லட்சம் யூரோ (2025 ஜூலை 1 முதல் வாங்கிய கார்களுக்கு). ப்ளக்-இன் ஹைப்ரிட் என்றால் பாதி விலை, அதுவும் நிபந்தனையோடு. “ரெண்டும் ஒண்ணுதான்” என்று ஹைப்ரிட்டைத் தள்ளிவிடப் பார்த்தால் ஒப்புக்கொள்ள வேண்டாம்.

இதே காரை நீங்களே லீஸ் எடுத்து, முழுக் காப்பீடு, சர்வீஸ், குளிர்கால டயர், மின்சாரம் எல்லாம் 295க்குள் முடிப்பது நடக்காத காரியம். புதிதாக வந்தவருக்குக் காப்பீடே தனிச் சுமை. ஊரில் விபத்தில்லாமல் ஓட்டிய ஆண்டுகளைப் பெரும்பாலும் இங்கே கணக்கில் எடுப்பதில்லை. ஆனால் கார் இல்லாமலே வாழ முடியுமா என்பதையும் பாருங்கள். டாய்ச்லாண்ட்டிக்கெட் (நாடு முழுக்க உள்ளூர் ரயில், பஸ்ஸுக்குச் செல்லும் மாதச் சீட்டு) 2026இல் மாதம் 63 யூரோ. எஸ்-பான் (நகர ரயில்) பக்கத்தில் வீடு, மாதம் ஆறு நாள் அலுவலகம் என்றால், 295 கொடுத்துக் காரை நிறுத்தி வைப்பதைவிட உயர்வை வாங்குவதே என் கருத்து.

உயர்வு அடிப்படைச் சம்பளத்தில் ஏறும். அடுத்த சதவீத உயர்வு, போனஸ், ஓய்வூதியப் புள்ளி, வேலை போனால் வரும் உதவித்தொகை, வீட்டுக்கடன் எல்லாம் அதன் மேல்தான் நிற்கும். கார் எடுத்தால் காப்பீட்டுக் கணக்கில் ஏறுவது 400 அல்ல, 192 அல்லது அதைவிடக் குறைவு. குழந்தைக்குத் திட்டமிடுகிறவர்கள் எல்டர்ன்கெல்டையும் (சம்பளத்தைப் பொறுத்து வரும் பெற்றோர் உதவித்தொகை) சேர்த்துப் பாருங்கள்.

சில இடங்களில் உயர்வுக்குப் பதிலாக இல்லாமல், இருக்கிற சம்பளத்திலிருந்தே வெட்டிக் கார் கொடுப்பார்கள். ப்ளூ கார்டில் (சம்பள வரம்போடு வரும் வேலை, வதிவிட அனுமதி) இருப்பவர்கள் அங்கே உஷாராக இருக்க வேண்டும். 2026க்குக் குறைந்தபட்சச் சம்பள வரம்பு ஆண்டுக்கு 50,700 யூரோ, பற்றாக்குறைத் தொழில்களுக்கு 45,934.20. வெட்டிய பிறகும் பணமாக வரும் சம்பளம் இந்தக் கோட்டுக்கு மேல் நிற்கவேண்டும். வரம்பை ஒட்டியே இருப்பவர்கள் இந்த விளையாட்டுக்கே போக வேண்டாம்.

லைசென்ஸ் விஷயம்:
எல்லோரும் கணக்கையே பேசுகிறீர்கள். முதலில் லைசென்ஸ். இந்திய, இலங்கை உரிமம் இங்கே குடியேறிய நாளிலிருந்து ஆறு மாதம்தான் செல்லும். அதுவும் ஜெர்மன் மொழிபெயர்ப்பு அல்லது சர்வதேச அனுமதியோடு. ப்ரோபட்சைட் ஆறு மாதம் என்றால் கார் கையில் வரும் அன்றே உங்கள் உரிமம் காலாவதி! அதற்குமேல் ஓட்டினால் அபராதத்தோடு போகாது, குற்ற வழக்கு. கார் கொடுத்த கம்பெனிக்கும் பொறுப்பு உண்டு, அதனால்தான் உரிமத்தை அவ்வப்போது காட்டச் சொல்வார்கள். விடுமுறைக்கு ஊருக்குப் போய்ப் புதிதாக உரிமம் எடுத்து வருவதும் உதவாது. இங்கே குடியிருக்கும்போது அங்கே எடுத்த உரிமத்தை ஏற்க மாட்டார்கள்.

உம்ஷ்ரைபுங்குக்கு (ஊர் உரிமத்தை ஜெர்மன் உரிமமாக மாற்றுவதற்கு) வேண்டியவை: கண் பரிசோதனை, 9 பாடவேளை முதலுதவிப் பயிற்சி, பயோமெட்ரிக் போட்டோ, அசல் உரிமம், அதன் மொழிபெயர்ப்பு. விண்ணப்பம் ஃப்யூரர்ஷைன்ஷ்டெல்லெயில் (ஓட்டுநர் உரிம அலுவலகம்). எழுத்துத் தேர்வும் ஓட்டுத் தேர்வும் உண்டு. பயிற்சி வகுப்பு கட்டாயமில்லை, ஆனால் ஓட்டுத் தேர்வுக்கு ஓட்டுநர் பள்ளியின் கார் வேண்டும். எழுத்துத் தேர்வு 30 கேள்வி, 10 பிழைப் புள்ளி வரை தேர்ச்சி. ஆனால் ஐந்து புள்ளிக் கேள்வி இரண்டு தவறினால், மொத்தம் 10தான் என்றாலும் தோல்வி. தமிழில் கிடையாது, ஆங்கிலத்தில் எழுதலாம்.

பத்து வருடம் சென்னையில் ஓட்டியவர்களும் ஓட்டுத் தேர்வில் கோட்டைவிடுவது மூன்று இடங்களில். பலகை இல்லாத குறுக்குத் தெருவில் வலப்பக்கம் வருபவருக்கு வழிவிடாதது. திரும்பும் முன் கண்ணாடி பார்த்தபிறகு தோளுக்கு மேல் தலையைத் திருப்பிப் பார்க்காதது. 30 மண்டலத்தில் 35இல் போவது. இந்த மூன்றுக்காகவாவது நாலைந்து வகுப்பு போய்வாருங்கள். ஆட்டோமேட்டிக்கில் தேர்வு எழுதினால் உரிமத்தில் 78 என்ற குறி விழும். மின்சாரக் காருக்கு அது தடையில்லை, கியர் காரைத்தான் ஓட்ட முடியாது.

தேர்வுக்கான அனுமதிக் கடிதம் வர மாதக்கணக்கில் ஆகும் நகரங்கள் உண்டு. உரிமம் கைக்கு வந்த மாதத்திலிருந்து கார் தொடங்கும்படி கேளுங்கள். ஓட்டாமல் நிற்கும் காருக்கும் வரி ஓடும்.

புதுவரவு, ஸ்டுட்கார்ட்:
மிக்க நன்றி. வாடகை வீடு, கீழே டீஃப்கராஜில் (நிலத்தடிக் கார் நிறுத்தம்) இடம் இருக்கிறது. அங்கேயே சாதாரண ப்ளக்கில் சார்ஜ் போடலாமா?

மின்வண்டி:
தினமும் வேண்டாம். வீட்டு ப்ளக்கில் 2.3 கிலோவாட்தான் வரும். 60 யூனிட் பேட்டரியை 20இலிருந்து 80 சதவீதத்துக்கு ஏற்ற, வீணாவதும் சேர்த்து 17 மணி நேரத்துக்கு மேல். அந்த ஒயரும் ப்ளக்கும் அத்தனை மணி நேரம் முழு லோடு தாங்குவதற்கென்று போட்டவை அல்ல, சூடேறி இளகும். மேலும் கராஜ் ப்ளக் பெரும்பாலும் பொது மீட்டரில் இருக்கும். கேட்காமல் செருகினால் அக்கம்பக்கத்தோடு வம்பு.

11 கிலோவாட் வால்பாக்ஸ் (சுவரில் மாட்டும் சார்ஜர்) பொருத்த அனுமதி கேட்க வாடகைக்காரருக்குச் சட்டப்படி உரிமை உண்டு (ஜெர்மன் சிவில் சட்டமான பெ.கெ.பே., பிரிவு 554). ஆனால் செலவு உங்களுடையது, வீடு மாறும்போது கழற்ற வேண்டியும் வரலாம். பொருத்துபவர் மின்விநியோக நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டும். 22 கிலோவாட் என்றால் முன் அனுமதியே வேண்டும்.

வீட்டில் போடும் மின்சாரத்துக்குக் கம்பெனி முன்பு மாதம் 30 அல்லது 70 யூரோ மொத்தமாக வரியில்லாமல் கொடுக்க முடிந்தது. 2026 முதல் அது இல்லை. தனி மீட்டரில் பதிவான யூனிட்டுக்குத்தான் வரியில்லாமல் பணம். எனவே மீட்டர் உள்ள வால்பாக்ஸே வாங்குங்கள். அலுவலக வளாகத்தில் போடும் சார்ஜுக்கு 2030 முடியும்வரை வரியில்லை.

உண்மையில் பேரத்தின் உயிர்நாடி சார்ஜ் கார்டு, அதாவது கம்பெனி செலவில் வெளியே சார்ஜ் போடும் அட்டை. மாதம் 1,000 கிலோமீட்டர் ஓடினால் சுமார் 190 யூனிட், குளிர்காலத்தில் 240 வரை போகும். வெளியே யூனிட் 55 சென்ட் என்று வைத்தால் மாதம் 100 முதல் 130 யூரோ. கார்டு சொந்தப் பயணத்துக்கும் விடுமுறைக்கும் வெளிநாட்டுக்கும் செல்லுமா என்று எழுத்தில் வாங்குங்கள். சார்ஜ் முடிந்தும் எடுக்காமல் விட்டால், பல இடங்களில் 4 மணி நேரத்துக்குப் பிறகு நிமிடக் கணக்கில் கட்டணம் ஏறும். அதைக் கம்பெனி கட்டாது.

சம்பளக் கணக்கு:
கையெழுத்துக்கு முன் காருக்கான தனி ஒப்பந்தத்தைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். மனைவி ஓட்டலாமா, விபத்தில் உங்கள் பங்கு 500ஆ 1,000ஆ, குளிர்கால டயர் யார் பொறுப்பு, ஆண்டுக்கு எத்தனை கிலோமீட்டர், நீண்ட நோயிலும் பெற்றோர் விடுப்பிலும் கார் யாரிடம் என்பவை அதில்தான் இருக்கும். லீஸ் பெரும்பாலும் 36 முதல் 48 மாதம். நடுவில் வேலை மாறினால் மீதித் தவணையை நீங்கள் கட்டவேண்டும் என்ற வரி இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள், வேலைச் சட்ட வக்கீலிடம் காட்டுங்கள்.

திருப்பிக் கொடுக்கும் நாளில் நாலு பக்கமும் சக்கர விளிம்பும் தெரியப் பகல் வெளிச்சத்தில் போட்டோ எடுத்து, ஒப்படைப்புத் தாளில் காரைப் பெறுபவர் கையெழுத்தும் வாங்குங்கள். வீட்டு முகவரியையும் போன் இணைப்பையும் கார் திரையிலிருந்து அழித்துவிட்டுச் சாவியைக் கொடுங்கள்.