ஏ பிளஸ் எழுதலாமா, வேண்டாமா?

கேள்வி:
கணினிப் படிப்பு படிக்காதவன் நான். ஹெல்ப் டெஸ்க் (கணினிக் கோளாறுகளைத் தீர்க்க உதவும்) வேலைக்கு முயற்சி செய்கிறேன். காம்ப்டியா அமைப்பு தரும் அடிப்படைக் கணினிச் சான்றிதழான ஏ பிளஸ் எடுத்தால் வேலை கிடைக்குமா, இல்லை காசுக்குப் பிடித்த கேடா?

பதில் 1:
கிடைக்கும் என்று யாராவது அடித்துச் சொன்னால் நம்பாதீர்கள். ஏ பிளஸ் ஒரு தேர்வு இல்லை, இரண்டு; தனித்தனிக் கட்டணம். 3 ஆண்டுகளில் காலாவதியாகிவிடும். பலர் பணம் கட்டிய பிறகுதான் இதைக் கவனிக்கிறார்கள்.

பதில் 2:
நான் எழுதினேன். நேர்காணலில் சான்றிதழை யாரும் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. "எந்தத் தளமும் திறக்கவில்லை, ஆனால் 8.8.8.8 என்ற கூகுள் முகவரிக்கு பிங் (இணைப்பு இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை) போகிறது. என்ன கோளாறு?" என்றார்கள். டிஎன்எஸ் என்றேன், அதாவது தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் அமைப்பு. "சரி, எப்படி உறுதி செய்வீர்கள்?" அதைச் சோதிக்கும் கட்டளையான என்எஸ்லுக்அப் என்று சட்டென வாயில் வந்தது. புத்தகத்தால் அல்ல, பழைய லேப்டாப்பில் டிஎன்எஸ் முகவரியைத் தப்பாகப் போட்டுவிட்டு ஒரு ராத்திரி முழுக்க முழித்ததால்.

ஆனால் அந்த நாற்காலி வரை கொண்டுபோனது சான்றிதழ்தான். அதற்கு முன் அனுப்பிய விண்ணப்பங்களுக்குப் பதிலே வரவில்லை. டம்ப் (வெளியே கசிந்த தேர்வுக் கேள்வி-பதில் தொகுப்பு) மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு போகாதீர்கள், இரண்டாவது கேள்வியிலேயே சாயம் வெளுத்துவிடும்.

பதில் 3:
நெட்வொர்க் பக்கம்தான் போவீர்கள் என்றால் நேரே சிஸ்கோ நிறுவனத்தின் நெட்வொர்க் சான்றிதழான சிசிஎன்ஏ படியுங்கள். கடினம்தான், ஆனால் ஒரே தேர்வு.

கேட்டவர்:
நன்றி. என்னிடமும் ஒரு பழைய லேப்டாப் தூங்குகிறது. இன்று ராத்திரி டிஎன்எஸ்ஸைக் கெடுத்துப் பார்க்கிறேன்.