காசிமேட்டுப் பூங்குழலிக்குத் தடைக்காலம் தெரியாதா?

ராயபுரம்_ரசிகை:
நம்ம குழுவில் ஓடிக்கொண்டிருக்கும் ‘பொன்னியின் செல்வன்’ ஃபேன்ஃபிக்கை, அதாவது கல்கியின் பாத்திரங்களை வைத்து ரசிகர் எழுதும் கதையை, நேற்று ராத்திரி ஒரே மூச்சில் படித்தேன். வந்தியத்தேவன் இந்தக் காலத்துத் துப்பறிவாளன். பூங்குழலி காசிமேட்டில் ஃபைபர் போட் ஓட்டுகிறாள். யோசனை பிரமாதம். ஆனால் ஒன்பதாம் அத்தியாயத்தில் எனக்குக் கோபமே வந்துவிட்டது.

கொலை நடந்தது மே மாதம். மாட்டிக்கொண்ட ஆள், “அன்னிக்கு நான் என் விசைப்படகோட நடுக்கடல்ல மீன் பிடிச்சிட்டிருந்தேன்” என்கிறான். பூங்குழலி தலையாட்டுகிறாள்! மூன்று அத்தியாயம் கழித்து வந்தியத்தேவன் மொட்டைமாடியில் டீ குடித்துக்கொண்டே யோசித்து, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு கடலுக்கே போகாது என்று கண்டுபிடிக்கிறான். அவள் “அட, ஆமாம்ல!” என்கிறாள். அந்த இரண்டு மாதத்தில் அவள் தெருவில் எந்த வீட்டு நகை அடகுக்கடைக்குப் போயிருக்கிறது என்பதுகூட அவளுக்கு மனப்பாடமாக இருக்குமே.

வண்ணை_எழுத்தாணி:
எழுதியவன் நான்தான், வணக்கம். தடைக்காலத்தை அவளே சொல்லிவிட்டால் கதை ஒன்பதாம் அத்தியாயத்தோடு முடிந்துவிடும். அப்புறம் வந்தியத்தேவனுக்கு என்ன வேலை? ஷெர்லாக் ஹோம்ஸ் பக்கத்தில் வாட்சன் இருப்பது எதற்கு? கேள்வி கேட்க ஒரு ஆள் வேண்டும் அக்கா.

ராயபுரம்_ரசிகை:
வாட்சனை இழுக்காதீங்க தம்பி. அவர் லண்டனில் படித்துப் பட்டம் வாங்கிய டாக்டர், ஆப்கன் போருக்குப் போய்க் காயப்பட்டவர். பாஸ்கர்வில் நாவலில் ஹோம்ஸ் அவரைத்தானே தனியாக அனுப்புகிறார்? ராத்திரி ஜன்னலில் மெழுகுவத்தி காட்டுவது யாருக்கு என்று அவர் அங்கிருந்தே கண்டுபிடித்துவிடுகிறார். ஹோம்ஸுக்குத் தெரிவது வாட்சனுக்குத் தெரியாது, அவ்வளவுதான். அதற்காக வாட்சன் தன் மருத்துவத்தையே மறந்து நிற்பதில்லை.

பெரம்பூர்_லோகோ:
நான் எழுத்தாணி பக்கம். ஹோம்ஸ் கதைகளில் வரும் போலீஸ்காரர் லெஸ்ட்ரேடை, எழுதிய டாயிலே எத்தனை கதையில் மொக்கையாக்கியிருக்கிறார்! மூலத்தில் எழுதினால் இலக்கியம், ஃபேன்ஃபிக்கில் எழுதினால் குற்றமா? சம்பளம் வாங்காமல், வேலை முடிந்து ராத்திரி பதினோரு மணிக்கு உட்கார்ந்து எழுதுகிற ஆளிடம் தடைக்கால அரசாணை கேட்பது அநியாயம். படிக்க வருகிறவன் வந்தியத்தேவனுக்காகத்தான் வருகிறான்.

ராயபுரம்_ரசிகை:
வந்தியத்தேவனுக்காகவே வரட்டும். கல்கியின் வந்தியத்தேவன் கோடிக்கரையில் புதைசேற்றில் சிக்கி நிற்கிறான், அவனை இழுத்து வெளியே போடுவது பூங்குழலி. அதனால் அவன் மதிப்பு குறைந்ததா? ஆழ்வார்க்கடியானையே எடுத்துக்கோங்க. வீரசைவர்களிடம் சண்டைக்கு நிற்கிற கோமாளி மாதிரிதான் தெரிவான், உள்ளே முதன்மந்திரி அநிருத்தரின் ஒற்றன். ஃபேன்ஃபிக்கில் அவன் தடியும் குடுமியும் மட்டும் வருகிறது, மூளை கோடிக்கரையிலேயே தங்கிவிடுகிறது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். வந்தியத்தேவன் சுத்தத் தமிழ் பேசுகிறான். அவனிடம் ஏமாறுகிற எல்லாரும் “இன்னாபா” என்கிறார்கள். இது தற்செயலாகத் தெரியவில்லை.

வண்ணை_எழுத்தாணி:
அக்கா, நானே வண்ணாரப்பேட்டைதான். எங்க வீட்டிலும் “இன்னா”தான். ஊர் வாசம் வரட்டும் என்று எழுதினேன்.

ராயபுரம்_ரசிகை:
அந்த வாசத்தை வந்தியத்தேவன் மேலயும் கொஞ்சம் தெளிக்கலாமே.

தேரடி_வாத்தியார்:
இரண்டு பேரும் சற்றுப் பொறுங்கள். இதற்கு நேர் எதிரான வியாதியும் உண்டு. போன வருஷம் இதே குழுவில் ஒரு கதை வந்தது. சேந்தன் அமுதன் பூ கட்டிக்கொண்டே சைஃபர் என்கிற ரகசிய எழுத்தை உடைக்கிறான், ஓடக்காரன் அரசியல் தத்துவம் பேசுகிறான். எல்லார் வாயிலும் எழுதியவரின் குரல்தான். அறிவைக் கூட்டுவது என்றால் எல்லாரையும் கல்லூரிப் பேராசிரியர் ஆக்குவது என்று நினைத்துவிட்டார். பூங்குழலிக்குக் கைரேகை பார்க்கத் தெரிய வேண்டியதில்லை, கடல் தெரிந்தால் போதும்.

காசிமேடு_கட்டுமரம்:
வாத்தியார் சொன்னது சரி. பன்னிரண்டாம் அத்தியாயத்தையும் பாருங்க. கரையில் நின்றுகொண்டு வந்தியத்தேவன் அவளுக்கு விளக்குகிறான்: “இது வாடைக்காற்று, வடக்கிலிருந்து வருகிறது.” எங்க அப்பா வாசலில் பல் விளக்கிக்கொண்டே, கழுத்தில் காற்று படுவதை வைத்து இன்றைக்குப் போகலாமா வேண்டாமா என்று சொல்லிவிடுவார். அந்த இடத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். “யாருடா இவன், அவளுக்குச் சொல்றவன்?” என்று கேட்டார்.

பெரம்பூர்_லோகோ:
சரி, காற்றை விடுங்க, அது தப்புதான். ஆனால் கதை ஒன்பதிலேயே முடிந்துவிடும் என்ற கேள்விக்கு யாரும் இன்னும் பதில் சொல்லவில்லை.

ராயபுரம்_ரசிகை:
முடியாது. அவள் அங்கேயே, “மே மாசத்துல எந்த விசைப்படகுபா போச்சு?” என்று கேட்கட்டும். அவனும் முட்டாள் இல்லையே, உடனே மாற்றிச் சொல்வான்: “விசைப்படகு இல்ல, மச்சான் ஃபைபர் போட்டு.” அதற்குத்தான் தடை இல்லையே. இப்போது வந்தியத்தேவன் வேலை செய்யட்டும். அந்த மச்சானைத் தேடிப் போகட்டும், பொய் சொல்லி உள்ளே நுழையட்டும், மாட்டிக்கொள்ளட்டும். அதில்தானே அவன் கெட்டிக்காரன்!

வண்ணை_எழுத்தாணி:
…இது நன்றாக இருக்கிறது. ஒன்பதைத் திருத்துகிறேன். மச்சான் போட்டு என்று அவன் சொன்னதும் பூங்குழலி சும்மா நிற்க மாட்டாள் இல்லையா? அடுத்து என்ன கேட்பாள்?

காசிமேடு_கட்டுமரம்:
“இன்னா மீன் பட்டுது? யார் ஏலம் கூறினது?”