வடக்குத் தெரு மக்கள் குழு, காவேரிப்பட்டணம்: சமுதாயக்கூடத்துக் கணினிகள்

ஆசிரியர் ஐயா, காலை 7:12
அனைவருக்கும் வணக்கம். ஓசூரில் ஓர் அலுவலகம் கழித்துக் கொடுத்த எட்டு மேசைக் கணினிகள் நேற்று நம் சமுதாயக்கூடத்திற்கு வந்து சேர்ந்தன. ஓசூர்த் தம்பி ஞாயிற்றுக்கிழமை வந்து லினக்ஸ் என்னும் இலவச இயங்குதளத்தை நிறுவித் தருகிறார். உடனிருந்து உதவ நான்கைந்து பேர் தேவை. கணினி தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. மின்விசிறியில் அடைந்திருக்கும் தூசியைத் துடைக்கப் பொறுமை இருந்தால் போதும்.

செல்போன் கடை அண்ணன், 7:40
ஐயா, எதற்கு இந்தச் சுற்று? என்னிடம் விண்டோஸ் 10 பென்டிரைவ் இருக்கிறது. ஒரு மணி நேரத்தில் எல்லாவற்றிலும் ஏற்றிவிடலாம்.

ஓசூர்த் தம்பி, 8:05
அண்ணா, உங்கள் உதவி கட்டாயம் வேண்டும், ஆனால் அந்தப் பென்டிரைவ் வேண்டாம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்திவிட்டது. வந்திருப்பவை நான்காம் தலைமுறை இன்டெல் ஐ3 செயலி கொண்ட பழைய கணினிகள். விண்டோஸ் 11 முறைப்படி கேட்பதோ எட்டாம் தலைமுறையும் அதற்கு மேலும். நம் பிள்ளைகள் டிஎன்பிஎஸ்சி விண்ணப்பத்திற்காக ஆதார் எண்ணையும் கடவுச்சொல்லையும் தட்டப்போகும் கணினியில், உரிமம் இல்லாததும் பாதுகாப்பு ஓட்டைகள் அடைக்கப்படாததுமான ஒன்றைப் போட எனக்கு மனம் வரவில்லை. நாம் போடப்போகும் லினக்ஸ் வகையான லினக்ஸ் மின்ட் 22-க்கு 2029 வரை மேம்படுத்தல்கள் வரும். 4 ஜிபி ரேமுக்கு அதன் எக்ஸ்எஃப்சிஇ என்னும் இலகுவான பதிப்பு தாராளமாக ஓடும்.

தையற்கடை அக்கா, 8:21
தம்பி, நானும் மகளும் வருகிறோம். அவள் பதினொன்றாம் வகுப்பில் கணினிப் பயன்பாடுகள் எடுத்திருக்கிறாள். பள்ளியில் படிப்பது ஒன்று, இங்கே இருப்பது வேறொன்று என்று ஆகிவிடாதா?

ஓசூர்த் தம்பி, 8:34
அக்கா, மகளின் பாடநூலைப் புரட்டிப் பாருங்கள். அதில் இருப்பது ஓப்பன் ஆஃபீஸ் என்னும் இலவச மென்பொருளின் ரைட்டரும் (எழுத) கால்க்கும்தான் (கணக்குப் போட). அதிலிருந்து 2010-இல் பிரிந்து வளர்ந்த லிப்ரே ஆஃபீஸ்தான் மின்ட்டில் கூடவே வருகிறது. அவளே மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கலாம்.

மனு எழுதும் தாத்தா, 9:10
எல்லாம் சரி, தம்பி. எனக்குத் தட்டச்சுப்பொறி விசைப்பலகைதான் கைக்கு வரும். முதியோர் உதவித்தொகை, பட்டா மாறுதல் என்று நான் எழுதிய மனுக்கள் அனைத்தும் வானவில் எழுத்துருவில் இருக்கின்றன. அவை இதில் திறக்காவிட்டால், இந்தக் கூடத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு இந்தக் கணினிகளால் பயனில்லை.

ஓசூர்த் தம்பி, 9:48
தாத்தா, நீங்கள் கேட்டதுதான் முதலில் தீர வேண்டிய கேள்வி. விசைப்பலகையைப் பற்றிக் கவலை வேண்டாம். ஐபஸ் என்னும் உள்ளீட்டுக் கருவியோடு எம்17என் தொகுப்பைச் சேர்த்தால் தட்டச்சுப்பொறி முறை, தமிழ்99 என்னும் விசைப்பலகை முறை இரண்டும் கிடைக்கும், ஒரு விசையில் மாற்றிக்கொள்ளலாம். பழைய கோப்புகள் சற்றே தொல்லை தரும். அவை எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடில் இல்லாததால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்தும் குறியீடுமாகச் சிதறித் தெரியும். யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் உண்டு, ஆனால் மாற்றியதை ஒருமுறை கண்ணால் படித்துத் திருத்தியாக வேண்டும். அரசே 2010-இல் யூனிகோடை ஏற்றுக்கொண்டுவிட்டதால் இந்த வேலை என்றைக்கிருந்தாலும் செய்ய வேண்டியதுதான். இரண்டு மனுக்களைப் பென்டிரைவில் கொண்டு வாருங்கள். முதல் கணினியில் அவை சரியாக வந்து, நீங்கள் தட்டிப் பார்த்துத் தலையசைத்த பிறகே மற்ற ஏழுக்கும் அதை நகலெடுப்போம்.

மனு எழுதும் தாத்தா, 9:55
நல்லது. வருகிறேன்.

நூலகர் அம்மா, 10:30
ஒருவர் வங்கிக் கணக்கைத் திறந்தபடியே எழுந்து போனால், அடுத்து உட்காருபவர் அதைப் பார்க்கலாமே?

ஓசூர்த் தம்பி, 10:52
அதற்காகவே விருந்தினர் அமர்வை இயக்கி வைக்கப் போகிறேன், அம்மா. வெளியேறியதும் அதில் செய்தவை அனைத்தும் அழிந்துவிடும். அதனால் எழுதியதைப் பென்டிரைவில் சேமிக்க வேண்டும் என்று சுவரில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். இல்லையென்றால் முதல் வாரமே என்னைத் திட்டுவீர்கள். தாத்தாவுக்கு மட்டும் தனிக் கணக்கு. நிர்வாகக் கடவுச்சொல் உங்களிடமும் ஆசிரியர் ஐயாவிடமும் இருக்கட்டும்.

அண்ணா, உங்கள் கடையில் கணினிக் கடிகாரத்தை ஓட்டும் சிஆர்2032 பட்டன் பேட்டரி எட்டு கிடைக்குமா? பழைய கணினிகளில் அது தீர்ந்திருக்கும். கடிகாரம் பல ஆண்டு பின்தங்கி நின்றால், இணையதளச் சான்றிதழ் செல்லாது என்று உலாவி பல பக்கங்களைத் திறக்க மறுக்கலாம். பார்ப்பவர்கள் லினக்ஸ்தான் கெட்டுவிட்டது என்பார்கள்.

செல்போன் கடை அண்ணன், 11:03
பேட்டரி என் செலவு. நானும் வருகிறேன், அந்த விண்டோஸ் பென்டிரைவை அழித்து, அதிலேயே மின்ட்டை ஏற்றிக்கொள்.

ஆசிரியர் ஐயா, 11:20
மகிழ்ச்சி. அறையில் அடுக்கியிருக்கும் மாம்பழப் பெட்டிகளை உரியவர்கள் சனிக்கிழமைக்குள் எடுத்துவிட வேண்டும். சாவி தையற்கடையில் இருக்கும். ஞாயிறு காலை 9 மணி; வீட்டில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இருப்பவர்கள் கொண்டு வாருங்கள், அங்கே இருப்பது இரண்டே பிளக்தான்.