பைண்டு செய்த தொடர்கதைகள்: உங்கள் வீட்டு அனுபவம் என்ன?

திருச்சியிலிருந்து:

எங்கள் வீட்டில் 'பொன்னியின் செல்வ'னைப் புத்தகமாக யாரும் வாங்கியதில்லை. கல்கி இதழில் வாராவாரம் வந்த பக்கங்களைப் பாட்டி எடுத்து வைத்து, தாத்தா பைண்டிங் கடையில் கொடுத்துக் கட்டி வாங்கியதுதான் இன்றுவரை இருக்கிறது. 1950 அக்டோபரில் தொடங்கி 1954 மே வரை வந்த தொடர். அதே வருடம் டிசம்பரில் கல்கி காலமானார். அந்தச் செய்தி வந்த பக்கத்தையும் கடைசிப் பாகத்தோடு சேர்த்துத் தைக்கச் சொல்லியிருக்கிறார் பாட்டி.

வீட்டில் முதலில் படிப்பவர் தாத்தா. அப்படித்தான் பேச்சு. ஆனால் அவர் ஆபீசிலிருந்து வருவதற்குள் பாட்டி அந்த வார அத்தியாயத்தை முடித்து, இதழைப் பிரிக்காத மாதிரி மேசையில் வைத்துவிடுவாராம். இரவில் தாத்தா உரக்கப் படிக்கும்போது புதிதாகக் கேட்பது போலவே உட்கார்ந்திருப்பாராம். பக்கங்களின் ஓரத்தில் அங்கங்கே பாட்டியின் பென்சில் எழுத்து உண்டு. ஓரிடத்தில், 'சின்னவனுக்கு ஜுரம். இந்த வாரம் படிக்கவில்லை.' அந்தச் சின்னவர் என் அப்பா.

2023-இல் படத்தின் இரண்டாம் பாகம் வந்தபோது என் மகள் தோழிகளோடு போய்ப் பார்த்துவிட்டு வந்து, "ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார்?" என்று கேட்டாள். கல்கி அதைத் தெளிவாகச் சொல்லாமல்தான் விட்டிருக்கிறார். அப்பா பரணிலிருந்து பைண்டை இறக்கினார். பாட்டிக்கு நந்தினி மேல்தான் சந்தேகம், தாத்தாவுக்கு அது ஒத்துவராது, சாப்பாட்டு நேரத்தில்கூட வாதம் நடக்கும் என்று சொல்லிக்கொண்டே அந்த அத்தியாயங்களைப் புரட்டினார். அன்று இரவு எங்கள் வீட்டிலும் அதே வாதம். மகள் நந்தினி பக்கம் நின்றாள்! தான் பார்த்தே இராத கொள்ளுப்பாட்டியோடு அவள் சண்டை போட்டதை நான் பக்கத்திலிருந்து கேட்டேன். எனக்கு அவ்வளவு சந்தோஷம். மணியம் வரைந்த நந்தினியின் கொண்டையைப் பார்த்துவிட்டு, "படத்தில் இப்படி இல்லையே" என்று ஒரு குறை வேறு.

இப்போது பைண்டின் முதுகு விட்டுப்போய்விட்டது. தாள் அப்பளம் மாதிரி நொறுங்குகிறது. என்ன செய்யலாம்? உங்கள் வீட்டுத் தொடர்களைப் பற்றியும் சொல்லுங்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து:

எங்கட வீட்டிலும் இதே கதைதான். அம்மம்மா கட்டி வைத்திருந்தவா. 1970-களின் தொடக்கத்தில் இந்திய இதழ்களின் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்த பிறகு, இப்படிக் கட்டிய பழைய தொடர்கள்தான் ஊருக்குள் கைமாறின. இரவல் கொண்டுபோகிறவர்களின் பெயரை அம்மம்மா ஒரு கொப்பியில் எழுதி வைப்பா. திருப்பித் தராதவர்களுக்கு அடுத்த பாகம் கிடையாது.

1995 ஒக்டோபரில் யுத்தத்தால் வலிகாமத்திலிருந்து எல்லாரும் ஒரே இரவில் தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்தபோது அம்மம்மாவின் பையில் இருந்தது 'கொலைவாள்' மட்டும், அதாவது மூன்றாம் பாகம். ஏன் அதை என்று அப்புறம் கேட்டோம். அப்போது படித்துக்கொண்டிருந்தது அதுதானாம். சாவகச்சேரியில் நாங்கள் தங்கிய பள்ளிக்கூடத்தில் பக்கத்துக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் அதிலிருந்து வாசித்துக் காட்டினா. முன்கதையும் பின்கதையும் வாயாலேயே சொன்னா. திரும்பி வந்தபோது மற்றப் பாகங்கள் வீட்டில் இல்லை. இணையத்தில் முழுக் கதையும் இருக்கிறது, மதுரைத் திட்டம் என்ற இணைய நூலகத்தில் நானும் படித்திருக்கிறேன். ஆனாலும் அந்த மூன்றாம் பாகத்தை ஆரும் கேட்டால் கொடுக்க மாட்டேன்.

மதுரையிலிருந்து:

திருச்சிக்காரருக்கு: என் அப்பா பைண்டிங் பட்டறை வைத்திருந்தவர், அதனால் சொல்கிறேன். செல்லோடேப் மட்டும் ஒட்டாதீர்கள். அதன் பசை தாளில் ஊறிப் பழுப்பாகும், பிறகு எடுக்கவே முடியாது. உள்ளே பழைய பின் இருந்தால் துரு ஏறியிருக்கும், மெதுவாக நிமிர்த்திக் கழற்றுங்கள். அந்தக் காலத்தில் மைதாப் பசையில் மயில்துத்தம் கலந்து ஒட்டுவோம், பூச்சி அரிக்காது. மயில்துத்தம் நஞ்சு, ஆகவே பழைய முதுகைத் தொட்டால் கையைக் கழுவிவிடுங்கள். லேமினேஷன் வேண்டவே வேண்டாம்.

மறுபடி கட்டக் கொடுப்பதற்கு முன் ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்து வையுங்கள். நொறுங்கும் தாளுக்குச் சென்னை தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் யோசனை கேட்டுப் பாருங்கள். கோட்டையூரில் ஒரு தனி மனிதர் சேர்த்து வைத்த புத்தகங்களிலிருந்து வளர்ந்த நூலகம் அது, பழைய இதழ்களைப் பாதுகாப்பது அவர்களுக்குப் பழக்கமான வேலை. கடையிலேயே கட்டுவதாக முடிவு செய்தால், ஓரம் வெட்டக் கூடாது என்று வாயால் சொன்னால் போதாது, சீட்டில் எழுதிக் கொடுங்கள். மூன்று பக்கமும் கட்டிங் போட்டுச் சமமாக்கித் தருவதுதான் கடை வழக்கம். உங்கள் பாட்டி எழுதியதெல்லாம் அந்த ஓரத்தில்தான் இருக்கிறது.