பொலோனியாவில் டோர்டெல்லினி மடித்த அனுபவம்

இத்தாலியின் பொலோனியாவில் படித்த காலத்தில், கிறிஸ்துமஸ் நெருங்கும்போது கீழ்வீட்டுப் பாட்டி டோர்டெல்லினி (உள்ளே இறைச்சிப் பூரணம் வைத்த சின்ன பாஸ்தா) மடிக்கக் கை வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார். அதுவரை பாக்கெட்டில் வருவதைத்தான் சாப்பிட்டிருந்தேன். இரண்டும் ஒரே பண்டம் என்று சொல்லவே எனக்கு மனம் வரவில்லை.

100 கிராம் மாவுக்கு ஒரு முட்டை, தண்ணீர் கிடையாது. பிசைந்ததை அரை மணி நேரம் மூடி வைத்துவிட்டு, பெரிய மரப்பலகையில் நீளமான உருட்டுக்கட்டையால் தேய்த்துக்கொண்டே போனார். அடியில் கையை விட்டால் விரல் தெரிய வேண்டுமாம். மெஷினில் போட்டால் வழவழப்பாகிவிடும், மரத்தில் தேய்த்தால்தான் லேசான சொரசொரப்பு வரும் என்பது அவர் கணக்கு.

அப்புறம்தான் அவசரம். சுமார் 3 செ.மீ. சதுரமாக வெட்டி, நடுவில் கொண்டைக்கடலையைவிடச் சின்னதாகப் பூரணம் வைத்து, முக்கோணமாக மடித்து, விரல் நுனியில் சுற்றி இரண்டு முனைகளையும் அழுத்த வேண்டும். ஓரத்தில் தண்ணீர் தொடுவதில்லை. மாவில் இருக்கும் ஈரமே ஒட்டிக்கொள்ளும். காய்ந்துவிட்டால் ஒட்டாது, வேகும்போது பிரிந்துவிடும். அதனால்தான் ஒருவர் வெட்ட, மற்றவர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து மடிக்கிறார்கள். கூட்டம் இல்லாமல் இதைச் செய்வது கஷ்டம்.

பூரணத்தில் பன்றியின் முதுகுக்கறி, ப்ரொஷூட்டோ (உப்பிட்டு உலர்த்திய பன்றித் தொடைக்கறி), மோர்டடெல்லா (பன்றி இறைச்சி சாசேஜ்), பார்மிஜானோ சீஸ், முட்டை, ஜாதிக்காய். இந்தச் சேர்மானத்தை 1974 டிசம்பரில் பொலோனியா வர்த்தக சபையில் பதிவே செய்திருக்கிறார்கள். ஆனாலும் வீட்டுக்கு வீடு அளவு மாறத்தான் செய்கிறது.

பரிமாறுவது சூப்பில்தான். விதையடித்த சேவலை செலரி, கேரட், வெங்காயத்தோடு சிறு தீயில் மணிக்கணக்கில் வேகவைத்து வடிகட்டிய தெளிந்த சாறு. பாட்டி அதில் கொஞ்சத்தைத் தனியாக எடுத்து, அதில் டோர்டெல்லினியை வேகவைத்தார். மாவு கரைந்து கலங்குவது அந்தப் பாத்திரத்தோடு நின்றுவிடும், மேசைக்கு வரும் சாறு தெளிவாக இருக்கும். மிதந்து வந்த சில நிமிடங்களில் சூடான கிண்ணத்துக்கு மாற்றி, மேலே சீஸ் தூவினார். ஓட்டல்களில் க்ரீம் ஊற்றியும் தருகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடே இல்லை. பூரணத்தின் வாசனை அதில் அமுங்கிப்போகிறது.

அசைவம் தொடாதவர்கள் அதே ஊரில் டோர்டெல்லோனி கேளுங்கள். உருவத்தில் பெரியது, உள்ளே ரிக்கோட்டா சீஸ் இருக்கும், வெண்ணெயிலும் சேஜ் இலையிலும் புரட்டித் தருவார்கள். சில இடங்களில் இறைச்சிக் குழம்பு ஊற்றுவார்கள் என்பதால், வெண்ணெய் போட்டதா என்று முதலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது.