கருவிப் பேழையின் கதவில் மறைந்திருக்கும் திரைக்கு ஒரு சொல்

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

சேவையகங்களை அடுக்கும் கருவிப் பேழையின் கதவில், கருங்கண்ணாடிக்குப் பின்னே பொருத்தப்பட்டு, அணைந்திருக்கையில் இருப்பதே தெரியாமலும், எரிகையில் வெப்பநிலை, மின்சுமை, வலைப்போக்குவரத்து முதலியவற்றைக் காட்டியும் நிற்கும் திரைக்கு 'மறைதிரை' என்ற சொல் முன்மொழியப்பட்டிருக்கிறது. சுருக்கமான சொல்தான், ஆனால் திரைச்சீலை என்ற பொருள் இன்றும் வழக்கில் இருப்பதால், அதைக் கேட்பவர் எதையோ மறைக்கும் திரை என்றே கொள்வார். 'மறைமுகப்பு' என்ற மாற்றுச் சொல்லோ மறைமுகத்தை நினைவூட்டுவதோடு, பொருளையும் பிறழ வைக்கிறது. அளவுகளைத் தொகுத்துக் காட்டும் தகவல் முகப்பை (dashboard) யாரும் மறைக்கவில்லை. அதே முகப்பைக் கைப்பேசியிலும் திறந்து பார்க்கலாம். மறைந்திருப்பது அதைக் காட்டும் கருவி மட்டுமே.

எப்படி மறைகிறது என்பதைக் கவனித்தால் சொல்லுக்கு வழி கிடைக்கும். மூடியோ சீலையோ இங்கே இல்லை. கண்ணாடி 30 விழுக்காடு ஒளியை மட்டும் கடக்கவிடுகிறது எனக் கொள்வோம். திரையின் ஒளி ஒருமுறை கடந்து 30 விழுக்காடாக நம் கண்ணுக்கு வருகிறது; அறையின் ஒளியோ உள்ளே போகையில் ஒருமுறையும், உட்பொருளில் பட்டுத் திரும்புகையில் ஒருமுறையும் குறைந்து, 9 விழுக்காட்டுக்கு மேல் வெளிவராது. ஆகவே அணைந்த திரையும் அதன் சட்டமும் கருமையில் கரைந்துவிட, எரியும் எழுத்துகள் மட்டும் துலங்குகின்றன. எல்சிடி திரையில் பின்னொளி எரியும்வரை கருப்புப் பின்னணியும் சற்றே கசிந்து, இருட்டறையில் செவ்வகமாகத் தெரியும் என்பதால், பின்னொளியையே அணைத்தால்தான் மறைவு முழுமையாகும். பின்னொளியே இல்லாத ஓஎல்இடி திரைக்கு இந்தத் தொல்லை இல்லை.

ஒளிதல் என்ற வினையிலிருந்து 'ஒளிதிரை' என வினைத்தொகையாக்கலாம் என்று நானும் எண்ணிப் பார்த்தேன். ஒளிவதும் ஒளிர்வதும் ஒரே சொல்லில் நிழலாடுவது அழகுதான். ஆனால் கையேடு எழுதுபவர் ஓர் ஒற்றைச் சேர்த்து 'ஒளித்திரை' என்று எழுதிவிட்டால் மறைவு என்ற பொருள் போய்விடும். எழுத்துப்பிழை ஒன்றில் உயிரை இழக்கும் சொல் தொழில்நுட்பத்துக்கு உதவாது.

என் பரிந்துரை 'கரந்துறை திரை', அதாவது மறைந்து உறையும் திரை. சித்திரகவி வகைகளுள் கரந்துறை செய்யுள் என ஒன்று உண்டு. ஒரு செய்யுளின் எழுத்துகளுக்குள்ளேயே மற்றொரு செய்யுள் உறைந்திருக்கும், தேடுபவர்க்கே அது புலப்படும். நம் திரையும் கதவின் பரப்புக்குள் அவ்வாறே உறைகிறது. இச்சொல் பழமையாக ஒலிக்கிறது என்ற மறுப்பு வரக்கூடும். வேறு பொருளில் புழங்காத சொல் என்பதால் அப்பழமையை நான் குறையாகக் கருதவில்லை.

'கதவுத்திரை' என்று இடத்தை வைத்துப் பெயரிடுவது இரு வகையில் பொருந்தாது. முதலாவது, வீட்டில் அது துணியைக் குறிக்கும். இரண்டாவது, முன்கதவின் துளைகள் வழியாகவே கருவிகள் குளிர்காற்றை இழுக்கும் பேழைகளில் கண்ணாடி அந்தத் துளைகளை அடைத்துவிடும் என்பதால், கதவின் ஒரு பகுதியில் மட்டும் திரையை வைப்பார்கள், அல்லது பக்கவாட்டுத் தகட்டுக்கு மாற்றிவிடுவார்கள். இடம் மாறினாலும் பெயர் மாறக் கூடாது.

துணைச்சொற்கள் இரண்டு. ஆள் அருகே வந்ததும் திரையை எழுப்பும் உறுப்பை 'அசைவுணரி' என்றே வைத்துக்கொள்ளலாம். உடல்வெப்பத்தை உணரும் வகையானால் அதன் அகச்சிவப்புக் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும் என்பதால், அதற்கெனத் தனித் துளை விட வேண்டும் என்ற குறிப்பு விளக்கத்தில் இடம்பெறட்டும். கதவு திறந்து மூடுகையில் இழுபடாதபடி கீல் அருகே தளர்வாக விடப்படும் கம்பிவடத்தின் (cable) வளைவுக்குக் 'கீல்வளையம்' என்பது என் எண்ணம், ஆயினும் அது உலோக வளையத்தைக் குறிப்பதாகத் தோன்றினால் 'கீல்தளர்வு' என்பதையும் ஏற்பேன்.